திசைக்கோணங்களிலிருந்து மனை எல்லைக் கோடு வரைதல்

மனை எல்லைக் கோடு வரைதல் என்பது, பத்திரத்திலோ நில அளவை வரைபடத்திலோ கொடுக்கப்பட்டுள்ள திசைக்கோணங்களையும் தூரங்களையும் கொண்டு, ஒரு மனையின் சுற்றெல்லையைக் கட்டட வடிவமைப்பு மென்பொருளில் கோடுகளாக அமைக்கும் வேலையாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு வீட்டுக்கு வரைபடம் தயாரிக்கும்போது பெரும்பாலும் முதலில் விழும் கோடு இதுதான். வீட்டின் சுவர் சாலையிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும், பக்கத்து மனையிலிருந்து எத்தனை அடி விலக வேண்டும் என்பவை இக்கோட்டிலிருந்தே அளக்கப்படுகின்றன. இக்கோடு தவறினால் அதன் பின் வரையப்படும் எல்லாமே அதே அளவு தவறும். வரைபடத்தைப் பார்த்து அந்தத் தவறைக் கண்டுபிடிக்கவும் முடியாது; ஏனென்றால் வீடும் எல்லையும் ஒன்றுக்கொன்று பொருந்தியே தெரியும்.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இம்முறை சற்று அந்நியமாகத் தோன்றக்கூடும். நம் ஊர் புலப்பட நூலில், அதாவது எஃப்.எம்.பி. வரைபடத்தில், புலத்தின் குறுக்கே ஒரு நேர்கோடு அமைத்து, அதிலிருந்து செங்குத்தாக இருபுறமும் உள்ள வளைவுகளுக்குத் தூரம் அளந்து எல்லையைக் குறிப்பார்கள். அதில் நீளங்கள்தான் முக்கியம், கோணங்களுக்கு வேலை குறைவு. அமெரிக்கப் பத்திரமோ ஒவ்வொரு எல்லைக் கோட்டுக்கும் ஒரு திசையும் ஒரு தூரமும் சொல்லி, ஒரு மூலையில் தொடங்கிச் சுற்றி நடந்து அதே மூலைக்குத் திரும்பி வருகிறது. அமெரிக்க நிறுவனங்களுக்காக வரைபடம் செய்துதரும் அலுவலகங்களில் வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே இதைச் சந்திக்கிறார்கள்.

பின்னணி

சுற்றி நடந்து எல்லை சொல்லும் இந்த முறை ஆங்கிலேயர் வழியாக அமெரிக்காவுக்குச் சென்றது. கிழக்குக் கரையின் பழைய 13 குடியேற்றப் பகுதிகளிலும், கென்டக்கி, டென்னசி, டெக்சஸ் போன்ற மாநிலங்களிலும் நிலங்கள் இவ்வாறே விவரிக்கப்பட்டன. 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டத்துக்குப் பிறகு, மேற்கே விரிந்த பகுதிகள் 6 மைல் பக்கமுள்ள சதுரங்களாகவும், ஒவ்வொரு சதுரமும் 36 பிரிவுகளாகவும் பிரிக்கப்பட்டன. ஒரு பிரிவு பெயரளவில் 640 ஏக்கர். எனினும் அங்கும் ஒரு பிரிவைச் சிறு மனைகளாக உடைக்கும்போது, மனைப்பிரிவு வரைபடத்தில் ஒவ்வொரு கோட்டின் மேலும் திசைக்கோணமும் தூரமும் எழுதப்படுகின்றன. ஆகவே எந்த மாநில வேலையாக இருந்தாலும் வரைபவர் திசைக்கோணத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

திசைக்கோணத்தைப் படித்தல்

பத்திரங்களில் வருவது கால்வட்டத் திசைக்கோணம். முதலில் வடக்கு அல்லது தெற்கு, நடுவில் ஒரு கோணம், இறுதியில் கிழக்கு அல்லது மேற்கு என்று இது எழுதப்படும். ‘வ 10°00'00" கி’ என்றால், வடக்கு நோக்கி நின்று, அங்கிருந்து கிழக்குப் பக்கமாக 10 பாகை திரும்பி நடக்க வேண்டும் என்று பொருள். ‘தெ 80°00'00" கி’ என்றால் தெற்கு நோக்கி நின்று கிழக்குப் பக்கமாக 80 பாகை திரும்ப வேண்டும். கோணம் எப்போதும் வடக்கு–தெற்குக் கோட்டிலிருந்தே அளக்கப்படும். கிழக்கு–மேற்குக் கோட்டிலிருந்து அல்ல. அதனால் அது 90 பாகையைத் தாண்டாது. (ஆங்கிலத்தில் வ, தெ, கி, மே ஆகியவற்றுக்கு முறையே என், எஸ், ஈ, டபிள்யூ என்ற எழுத்துகள் வரும்.)

ஒரு பாகைக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி. இங்கே ஒரு சங்கடம் உண்டு. நிமிடத்துக்கு இடும் ஒற்றைக் கோடும் அடிக்கு இடும் ஒற்றைக் கோடும் ஒன்றே. விநாடிக்கு இடும் இரட்டைக் கோடும் அங்குலத்துக்கு இடும் இரட்டைக் கோடும் ஒன்றே. பழைய பத்திரத்தின் மங்கிய நகலில் இது பலரைத் தடுமாற வைக்கும்.

பள்ளியில் ஆயத்தொலை வடிவியலில் நாம் கற்ற கோணம் வேறு. அது கிழக்கிலிருந்து தொடங்கி இடஞ்சுழியாக ஏறும். நில அளவையரின் முழுவட்டத் திசைக்கோணம் வடக்கிலிருந்து தொடங்கி வலஞ்சுழியாக ஏறும். ஆட்டோகேட் போன்ற மென்பொருள்கள் தொடக்க நிலையில் பள்ளிக் கணிதத்தின் வழியைப் பின்பற்றுகின்றன. மாற்றும் வழி எளிது. வடகிழக்குக் கால்வட்டத்தில் கோணம் அப்படியே முழுவட்டத் திசைக்கோணம். தென்கிழக்கில் 180இலிருந்து கழிக்க வேண்டும். தென்மேற்கில் 180உடன் கூட்ட வேண்டும். வடமேற்கில் 360இலிருந்து கழிக்க வேண்டும். வந்த விடையை 90இலிருந்து கழித்தால் மென்பொருளின் கோணம் கிடைக்கும். எதிர்மறையாக வந்தால் 360ஐக் கூட்டிக்கொள்ளலாம்.

ஒரு மனை

விளக்கத்துக்காக நான் அமைத்த ஒரு நான்கு பக்க மனையை எடுத்துக்கொள்வோம். தூரங்கள் அடியில் உள்ளன. மூலை ‘அ’ தொடக்கப் புள்ளி.

அ–ஆ: வ 10°00'00" கி, 120.00
ஆ–இ: தெ 80°00'00" கி, 80.00
இ–ஈ: தெ 04°30'00" மே, 110.00
ஈ–அ: வ 86°37'08" மே, 91.15

ஒவ்வொரு கோட்டையும் இரண்டு நகர்வுகளாகப் பிரிக்கலாம். தூரத்தைக் கோணத்தின் கொசைனால் பெருக்கினால் வடக்கு–தெற்கு நகர்வு. சைனால் பெருக்கினால் கிழக்கு–மேற்கு நகர்வு. வடக்கும் கிழக்கும் கூட்டல், தெற்கும் மேற்கும் கழித்தல்.

முதல் கோடு வடக்கே 118.18, கிழக்கே 20.84 அடி நகர்கிறது. இரண்டாவது தெற்கே 13.89, கிழக்கே 78.78. மூன்றாவது தெற்கே 109.66, மேற்கே 8.63. நான்காவது வடக்கே 5.38, மேற்கே 90.99. வடக்கு நகர்வுகளைக் கூட்டித் தெற்கு நகர்வுகளைக் கழித்தால் மிச்சம் ஓர் அடியில் நூறில் ஒரு பங்கு மட்டுமே. அதுவும் நாம் இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கியதால் வருவது. கிழக்கு–மேற்கும் அப்படியே சமமாகிறது. சுற்றி நடந்தவர் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டார். பரப்பு 9,812 சதுர அடி, அதாவது சுமார் 0.225 ஏக்கர், நம் கணக்கில் இருபத்திரண்டரை சென்ட்.

கணினி இருக்கும்போது இதைக் கையால் ஏன் போட வேண்டும் என்று கேட்கலாம். எல்லா மனைக்கும் போட வேண்டாம். ஒரு மனைக்காவது போட்டுப் பார்த்தவருக்குத்தான், பின்னால் திரையில் எல்லை மூடாமல் நிற்கும்போது எங்கே தேட வேண்டும் என்று தெரியும்.

ஆட்டோகேட்டில் வரைதல்

முதல் வேலை அலகுகளைச் சரிசெய்வது. அலகுகளுக்கான கட்டளையில் கோண வகையை நில அளவையர் அலகாகவும், அதன் நுண்மையை விநாடி வரையிலும் வைக்க வேண்டும். நுண்மையைப் பாகை அளவிலேயே விட்டுவிட்டால் கோடு சரியாக விழுந்தாலும், சரிபார்க்கும்போது திரை முழுப் பாகைக்குச் சுருக்கிக் காட்டும்.

நீளத்தின் அலகில்தான் பலர் சறுக்குகிறார்கள். கட்டடக் கலைஞர்கள் அடி–அங்குல முறையில் வரைகிறார்கள். ஆட்டோகேட்டின் அந்த முறையில் ஓர் அலகு என்பது ஓர் அங்குலம். 120 என்று மட்டும் தட்டினால் 120 அங்குலக் கோடு, அதாவது 10 அடிக் கோடு வரும். எண்ணுக்குப் பின் அடிக் குறியையும் தட்ட வேண்டும். நில அளவையரோ அடியைத் தசமத்தில் எழுதுவார். 91.15 அடி என்பது 91 அடி 15 அங்குலம் அல்ல, 0.15ஐ 12ஆல் பெருக்கினால் 1.8, ஆகவே 91 அடி 1.8 அங்குலம். நில அளவையர் அனுப்பும் கோப்பில் ஓர் அலகு ஓர் அடியாக இருக்கும். அதைக் கட்டடக் கலைஞரின் அங்குலக் கோப்பில் அலகு பார்க்காமல் அப்படியே செருகினால், மனை பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இந்தத் தவறு அவ்வளவு ஆபத்தானது அல்ல. மனை வரவேற்பறை அளவுக்குத் தெரிவதால் யாரும் உடனே பிடித்துவிடுவார்கள்.

கோடு வரையும் கட்டளையில் தொடக்கப் புள்ளியைக் கொடுத்தபின், @ குறி, தூரம், < குறி, திசைக்கோணம் என்ற வரிசையில் இடைவெளி இல்லாமல் தட்ட வேண்டும். பாகைக் குறி விசைப்பலகையில் இல்லாததால் அதற்குப் பதில் ஆங்கில ‘டி’ எழுத்தை இடுவது வழக்கம். நிமிடத்துக்கும் விநாடிக்கும் ஒற்றை, இரட்டைக் கோடுகள் போதும். தனித்தனிக் கோடுகளாக வரையாமல் தொடர்கோடாக வரைவது நல்லது; பரப்பை ஒரே கட்டளையில் கேட்டுப் பத்திரத்துடன் ஒப்பிடலாம்.

சிவில் த்ரீடி மென்பொருளில் திசைக்கோணம்–தூரம் கேட்கும் தனிக் கட்டளை உண்டு. அது கால்வட்டத்தை 1 முதல் 4 வரை எண்ணாகக் கேட்கும்: வடகிழக்கு 1, தென்கிழக்கு 2, தென்மேற்கு 3, வடமேற்கு 4. பள்ளி வடிவியலில் கால்பகுதிகளை இடஞ்சுழியாக எண்ணிப் பழகியவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும், இது வலஞ்சுழி. கோணத்தை வழக்கமான அமைப்பில் புள்ளி வைத்துத் தட்டுவார்கள், 86.3708 என்றால் 86 பாகை 37 நிமிடம் 8 விநாடி. அதே எண்ணைத் தசமப் பாகையை எதிர்பார்க்கும் வேறொரு மென்பொருளில் தட்டினால் கால் பாகை பிசகிவிடும். ஏனெனில் தசமத்தில் அக்கோணம் 86.6189.

ரெவிட்டில் வரைதல்

ரெவிட்டில் எல்லைக் கோட்டுக்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று கையால் வரைவது. மற்றது தூரமும் திசைக்கோணமும் உள்ள அட்டவணையை நிரப்புவது. பத்திரம் கையில் இருந்தால் அட்டவணையே சிறந்தது. ஒவ்வொரு வரியிலும் தூரம், வடக்கா தெற்கா, கோணம், கிழக்கா மேற்கா, நேர்கோடா வில்லா என்பவற்றைக் கொடுக்க வேண்டும். கையால் வரைந்ததைப் பின்னர் அட்டவணையாக மாற்றலாம். ஆனால் மாற்றியபின் மீண்டும் கையால் திருத்த முடியாது.

அட்டவணையின் கீழே, கடைசிப் புள்ளியிலிருந்து தொடக்கப் புள்ளிக்கு இன்னும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று மென்பொருள் காட்டிக்கொண்டே இருக்கும். அருகில், மூடுவதற்கு ஒரு கோடு சேர்க்கும் பொத்தானும் உண்டு. அந்தப் பொத்தானைப் பற்றித்தான் அடுத்த பகுதி.

எல்லை மூடவில்லை என்றால்

நம் மனையின் மூன்றாவது கோட்டில் ‘மே’ என்பதற்குப் பதில் ‘கி’ என்று தட்டிவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஒரே ஓர் எழுத்துதான். கோடு மேற்கே 8.63 அடி நகர்வதற்குப் பதில் கிழக்கே 8.63 அடி நகரும். நான்காவது கோடும் முடிந்தபின், நாம் நிற்கும் இடம் தொடக்கப் புள்ளிக்கு நேர் கிழக்கே 17.26 அடி. இப்போது மூடும் பொத்தானை அழுத்தினால், பத்திரத்தில் இல்லாத ஐந்தாவது கோடு ஒன்று விழும். மனை மூடிவிடும், மென்பொருளும் குறை சொல்லாது. ஆனால் மனையின் பரப்பு 10,666 சதுர அடியாகிவிடும். உரிமையாளருக்கு இல்லாத 854 சதுர அடி வரைபடத்தில் சேர்ந்துவிட்டது. தென்கிழக்கு மூலை பக்கத்து வீட்டுக்காரரின் தோட்டத்துக்குள் 17 அடிக்கு மேல் புகுந்துவிட்டது. பக்க எல்லையிலிருந்து 5 அடி தள்ளிக் கட்ட வேண்டும் என்ற விதியை இந்தக் கோட்டிலிருந்து அளந்து கார் கொட்டகையை வைத்தால், அந்த மூலையில் கொட்டகையே அடுத்தவர் நிலத்தில் நிற்கும்.

மூடும் பொத்தானை அழுத்துவதற்கு முன் இடைவெளியை வாசிக்க வேண்டும். அந்த இடைவெளியே தவறு எங்கே என்று பல நேரம் சொல்லிவிடும். இங்கே பிழை சரியாகக் கிழக்கு–மேற்குத் திசையில் உள்ளது. வடக்கு–தெற்கில் துளியும் இல்லை. அப்படியானால் ஏதோ ஒரு கோட்டின் கிழக்கு–மேற்கு எழுத்து மாறியிருக்கலாம். 17.26இல் பாதி 8.63. கிழக்கு–மேற்கு நகர்வு 8.63 உள்ள கோடு மூன்றாவது கோடு மட்டுமே. அதே போல் பிழை நேர் வடக்கு–தெற்காக இருந்தால் வடக்கு–தெற்கு எழுத்தைச் சந்தேகிக்கலாம். பிழையின் திசை ஏதேனும் ஒரு கோட்டின் திசையோடு ஒத்துப்போனால், அக்கோட்டின் நீளத்தைத் தவறாகத் தட்டியிருக்கலாம். 110ஐ 101 என்று தட்டியவருக்கு 9 அடி இடைவெளி அக்கோட்டின் திசையிலேயே நிற்கும். இரண்டு தவறுகள் ஒன்றாகச் சேர்ந்தால் இந்த உத்தி உதவாது; அப்போது பத்திரத்தை முதல் வரியிலிருந்து மறுபடி ஒருவர் வாசிக்க, மற்றவர் திரையைப் பார்ப்பதே வழி.

மிகச் சிறிய இடைவெளி எப்போதும் இருக்கும். அளவுகளைச் சுருக்கி எழுதுவதால் அது வருகிறது. சுற்றளவை இடைவெளியால் வகுத்து, ‘இத்தனையில் ஒன்று’ என்று அதைச் சொல்வார்கள். நம் மனையின் சுற்றளவு 401.15 அடி; இடைவெளி 0.05 அடி இருந்தால் ஏறத்தாழ 8,000இல் ஒன்று. கட்டட வரைபடத்துக்கு இது தொல்லை தராது. கடைசிக் கோட்டைத் தொடக்கப் புள்ளியில் சேர்த்துவிடலாம். ஆனால் கோட்டின் மேல் எழுதும் அளவு பத்திரத்தில் உள்ளதாகவே இருக்க வேண்டும். மென்பொருள் கணக்கிட்டதை எழுதக்கூடாது. இடைவெளி அரை அடி, ஓர் அடி என்று வந்தால் அது சுருக்கியதால் வந்தது அல்ல.

மாணவர்கள் விரும்பிச் செய்யும் ஒரு சரிபார்ப்பு இங்கே பயன்படாது. உட்கோணங்களைக் கூட்டினால் நாற்கரத்துக்கு 360 பாகை வருகிறதா என்று பார்ப்பார்கள். நம் மனையில் ஆ-வில் 90°00'00", இ-யில் 95°30'00", ஈ-யில் 91°07'08", அ-வில் 83°22'52". கூட்டினால் சரியாக 360. ஆனால் திசைக்கோணங்களிலிருந்து கணக்கிட்ட உட்கோணங்கள், திசைக்கோணம் தவறாக இருந்தாலும் 360தான் தரும். ஒரு மூலையில் கூடியது அடுத்த மூலையில் குறைந்துவிடும். களத்தில் கருவியால் அளந்த கோணங்களுக்கே அந்தச் சோதனை பொருந்தும்.

எல்லை மூடிவிட்டது என்பதும் எல்லாவற்றையும் உறுதி செய்யாது. எல்லாத் திசைக்கோணங்களும் ஒரே அளவு திரும்பியிருந்தாலும் எல்லை மூடும். எல்லாத் தூரங்களும் தவறான அலகில் இருந்தாலும் மூடும். பத்திரத்தில் உள்ள பரப்பையும், தெருவின் போக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அவை வெளிப்படும்.

எதிர்த்திசைக் கோணம்

பத்திரம் ஒரே சுற்றில் நடக்கும். மனைப்பிரிவு வரைபடம் அப்படி நடக்க வேண்டியதில்லை. அதில் ஒரே கோடு இரு மனைகளுக்குப் பொதுவாக இருப்பதால், வரைந்தவர் தம் வசதிக்கு ஏற்ற ஒரு திசையில் கோணத்தை எழுதியிருப்பார். நம் மூன்றாவது கோட்டை அவர் ‘வ 04°30'00" கி’ என்று எழுதியிருக்கலாம். கோடு அதேதான், ஈ-யிலிருந்து இ-க்குப் போகும் திசை எழுதப்பட்டுள்ளது. நாம் இ-யிலிருந்து ஈ-க்குப் போகிறோம் என்றால் இரண்டு எழுத்துகளையும் மாற்ற வேண்டும்: வடக்கு தெற்காகும், கிழக்கு மேற்காகும், எண் மாறாது. ஓர் எழுத்தை மட்டும் மாற்றுவது, மாற்றாமல் விடுவதைக் காட்டிலும் மோசம். மாற்றாவிட்டால் கோடு தலைகீழாக ஓடி உடனே கண்ணில் படும், ஒன்றை மட்டும் மாற்றினால் கோடு ஏறக்குறைய சரியாகத் தெரியும்.

வளைவுகள்

தெரு முனையிலும் முட்டுச்சந்தின் வட்டத்திலும் எல்லை வில்லாக இருக்கும். அதற்குப் பத்திரம் ஆரம், வில்லின் நீளம், மையக்கோணம், நாணின் திசைக்கோணம், நாணின் நீளம் ஆகியவற்றில் சிலவற்றையோ எல்லாவற்றையுமோ தரும். ஆரம் 50 அடி, மையக்கோணம் 36 பாகை என்றால் வில் 31.42 அடி, நாண் 30.90 அடி. இரண்டும் அருகருகே இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றதைத் தட்டுவது எளிதில் நடக்கும் தவறு.

நான் பரிந்துரைப்பது, முதலில் நாணை நேர்கோடாகவே வரைந்து எல்லை மூடுகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு அதை வில்லாக மாற்றுவது. ரெவிட் அட்டவணையிலும் வில்லுக்கான வரியில் தூரமும் கோணமும் நாணையே குறிக்கின்றன. அதனால்தான் ஆரம் அத்தூரத்தில் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். வில் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதை நடக்கும் திசையை வைத்துச் சொல்ல வேண்டும்.

வில் முந்தைய கோட்டுக்குத் தொடுகோடாகத் தொடங்கினால், நாணின் திசையை நாமே சரிபார்க்கலாம். முந்தைய கோடு வ 10° கி. வில் வலப்பக்கம் 36 பாகை திரும்புகிறது. நாண் அதில் பாதி, 18 பாகை திரும்பும். ஆகவே நாண் வ 28° கி. வில் முடிந்து வெளியேறும் கோடு வ 46° கி. பள்ளியில் வட்டங்கள் பாடத்தில் படித்த தொடுகோடு–நாண் தேற்றம்தான் இது.

எந்த வடக்கு?

திசைக்கோணம் வடக்கிலிருந்து அளக்கப்படுகிறது என்றோம். எந்த வடக்கு என்பது ஒவ்வொரு வரைபடத்துக்கும் மாறும். நில அளவையர் வரைபடத்தில் ‘திசைக்கோணங்களின் அடிப்படை’ என்று ஒரு குறிப்பு இருக்கும். அது மாநிலத் தள ஆயத்தொலை அமைப்பின் வடக்காக இருக்கலாம். பழைய வரைபடம் ஒன்றின் கோட்டை அப்படியே ஏற்றதாக இருக்கலாம். வெறும் அனுமானமாகவும் இருக்கலாம். பழைய பத்திரங்களில் காந்த ஊசி காட்டிய வடக்கே எழுதப்பட்டது. காந்த வடக்கு உண்மை வடக்கிலிருந்து விலகும் அளவு, அதாவது காந்த ஒதுக்கம், இடத்துக்கு இடமும் ஆண்டுக்கு ஆண்டும் மாறும். அமெரிக்காவில் மெயின் மாநிலத்தில் அது மேற்கே 10 பாகைக்கு மேல், வாஷிங்டன் மாநிலத்தில் கிழக்கே 10 பாகைக்கு மேல். ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பத்திரத்தின் கோணத்தை இன்றைய வரைபடத்தின் கோணத்தோடு நேரடியாக ஒப்பிட முடியாது.

அடுத்தடுத்த இரு மனைகளின் வரைபடங்களில் ஒரே பொதுக் கோடு ஒன்றில் வ 10°00'00" கி என்றும், மற்றதில் வ 10°12'30" கி என்றும் இருக்கலாம். இரண்டில் ஒன்று தவறு என்று பதற வேண்டியதில்லை, அடிப்படை வேறு. இரண்டையும் ஒரே கோப்பில் வைக்க, ஒரு மனையை முழுவதுமாக 12 நிமிடம் 30 விநாடி சுழற்றிப் பொதுக் கோட்டின் மேல் பொருத்த வேண்டும். இரு மனைகளின் கோணங்களைக் கலந்து ஒரே சுற்றாகத் தட்டுவது மட்டும் கூடாது.

வீட்டைத் தாளுக்கு நேராக வரைய விரும்பும் கட்டடக் கலைஞர், எல்லைக் கோடுகளைச் சுழற்றிவிடுவது இன்னொரு வழக்கமான தவறு. ஆட்டோகேட்டில் அப்படிச் சுழற்றினால், பிறகு கோட்டைக் கேட்கும்போது பத்திரத்தில் இல்லாத திசைக்கோணத்தை அது சொல்லும். கோடுகளை அப்படியே விட்டு, பயனர் ஆயத்தொலை அமைப்பைத் திருப்பி, பார்வையை மட்டும் அதற்கு நேராக்கிக்கொள்ள வேண்டும். ரெவிட்டில் இதற்காகவே திட்ட வடக்கு, உண்மை வடக்கு என இரண்டு இருக்கின்றன. எல்லை அட்டவணையின் கோணங்கள் உண்மை வடக்கிலிருந்தே எடுத்துக்கொள்ளப்படும்.

எவ்வளவு நுண்மை வேண்டும்

120 அடிக் கோட்டில் ஒரு பாகை தவறினால் மறுமுனை 2.09 அடி விலகும். ஒரு நிமிடம் தவறினால் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு விநாடி தவறினால் தாளின் தடிமன் அளவில்தான் பேச வேண்டும். அதற்காக விநாடியை விட்டுவிடலாம் என்று பொருளல்ல. விநாடியை விட்டவர் எல்லை மூடாதபோது, அது சுருக்கியதால் வந்ததா தவறால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது.

பழைய பத்திரங்களில் அலகு அடியாகவே இருக்காது. 1620இல் எட்மண்ட் குண்டர் அறிமுகப்படுத்திய சங்கிலி 66 அடி, அதில் 100 கண்ணிகள். ஒரு கண்ணி 7.92 அங்குலம். 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். நம் சென்ட்டும் இந்தச் சங்கிலியின் வழி வந்ததுதான்: ஒரு சென்ட் 1,000 சதுரக் கண்ணி, 435.6 சதுர அடி. அமெரிக்கப் பத்திரங்களில் சங்கிலியின் கால் பங்கான ‘போல்’ அல்லது ‘ராட்’ அதிகம் வரும், அது 16.5 அடி. டெக்சஸில் ஸ்பானியர் விட்டுச்சென்ற ‘வாரா’ 33⅓ அங்குலம்.

அடியிலேயே கூட இரண்டு இருந்தன. பன்னாட்டு அடி 0.3048 மீட்டர், அமெரிக்க நில அளவை அடி 1200/3937 மீட்டர். இரண்டாவதன் அதிகாரபூர்வப் பயன்பாடு 2022ஆம் ஆண்டின் இறுதியோடு முடிந்தது. வேறுபாடு பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு. நம் மனைக்கு ஒன்றுமில்லை. ஆனால் மாநிலத் தள அமைப்பில் 20,00,000 அடி என்று ஒரு கிழக்குத் தூரம் இருந்தால், அடியை மாற்றி வாசித்தவுடன் மனை முழுவதும் 4 அடி தள்ளிப்போகும். வடிவம் மாறாது, எல்லை மூடும், பரப்பும் சரியாக இருக்கும். பக்கத்துச் சாலையின் வரைபடத்தோடு சேர்க்கும்போதுதான் தெரியும்.

வரைந்த கோட்டின் தகுதி

திசைக்கோணத்திலிருந்து எவ்வளவு கவனமாக வரைந்தாலும், அந்தக் கோடு பத்திரத்தின் படியெடுப்பு மட்டுமே. நிலத்தில் எல்லை எங்கே இருக்கிறது என்று சொல்லும் உரிமை அமெரிக்க மாநிலங்களில் உரிமம் பெற்ற நில அளவையருக்கே உண்டு. பத்திரத்துக்கும் நிலத்துக்கும் முரண் வரும்போது, பொதுவாக அந்நாட்டு நீதிமன்றங்கள் ஆறு, பாறை போன்ற இயற்கைக் குறிகளுக்கும், அடுத்து நட்ட கல், இரும்புக் கம்பி போன்ற குறிகளுக்கும் முதலிடம் தருகின்றன. திசைக்கோணமும் தூரமும் அவற்றுக்குப் பின்னால்தான். பரப்பு கடைசியில் வரும். மூலையில் பழைய இரும்புக் கம்பி இருந்து, பத்திரத்தின் எண்கள் அதற்கு இரண்டு அடி தள்ளி விழுந்தால், பெரும்பாலும் கம்பியே வெல்லும்.

அதனால் எல்லைக் கோடு உள்ள தாளில், எந்த அளவை வரைபடத்திலிருந்து அல்லது பத்திரத்திலிருந்து எடுத்தது, அதன் தேதி என்ன, திசைக்கோணங்களின் அடிப்படை எது என்று ஒரு குறிப்பு எழுதுவது நல்ல அலுவலகங்களின் வழக்கம். மூலைகள் களத்தில் கண்டறியப்பட்டவையா, பத்திரத்திலிருந்து மட்டும் வரையப்பட்டவையா என்பதையும் அதிலேயே சொல்லிவிடலாம். கட்டடம் எல்லையிலிருந்து விட வேண்டிய தூரத்துக்கு ஓர் அடிக்குள் நெருங்கி வந்தால், அடித்தளம் தோண்டுவதற்கு முன் நில அளவையரைக் கொண்டு மூலைகளைக் குறிக்கச் சொல்லி அதே தாளில் எழுதிவைக்க வேண்டும்.